ஒரே பட்டனில் ஒரு பக்கவாத்தியம்: லூப் ரெக்கார்டரும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசியாயிற்று. அடுத்து என்ன என்று யோசிப்பவர்களில் யாருக்காவது கொஞ்சம் சங்கீத ஆசை இருந்தால், இந்தக் கட்டுரை அவர்களுக்காக. வீணையோ, வயலினோ, கீபோர்டோ, கிட்டாரோ, எதை வாசித்தாலும் சரி. பக்கத்தில் வாசிக்க ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்பவர்களுக்கு லூப் ரெக்கார்டர் ஒரு நல்ல துணை. நல்ல வாத்தியாரும் கூட. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் புல்லாங்குழல் வாசிப்பவன். "வாசிப்பவன்" என்பதே கொஞ்சம் அதிகம்தான். என் அப்பா பல வருடம் பஜனைக் கோஷ்டிகளுக்கு மிருதங்கம் வாசித்தவர். மாலையில் நான் குழலை எடுத்தால் அவரும் மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். இப்போது 78 வயது. வலது கட்டைவிரல் மூட்டில் வலி. தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நிமிடத்தில் ஒரு வர்ணம் முடிவதற்குள்ளேயே அவர் கையை உதறிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் ஒரு முறை வாசித்தால் அதுவே திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஏதாவது கருவி இருக்கிறதா என்று தேடியபோதுதான் லூப் ரெக்கார்டர் எனக்கு அறிமுகம் ஆனது.

லூப் ரெக்கார்டர் என்றால்?

பார்ப்பதற்கு ஒரு சின்ன இரும்புப் பெட்டி. தரையில் வைத்துக் காலால் மிதிக்கும்படி ஒரு பெரிய பட்டன். ஒரு முறை மிதித்தால் பதிவு தொடங்கும். வாசித்து முடித்து மறுபடி மிதித்தால் பதிவு நின்று, அந்தக் கணமே பதிவானது முதலிலிருந்து ஒலிக்க ஆரம்பிக்கும். முடிவுக்கு வந்ததும் தானாக ஆரம்பத்துக்குப் போகும். நீங்கள் நிறுத்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்போது இன்னொரு முறை மிதித்தால் அதன் மேலேயே இன்னொரு வாசிப்பைப் பதியலாம். இப்படி மேலே மேலே அடுக்குவதற்கு ஓவர்டப் என்று பெயர்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1948-ல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேபர், ஒரே வட்டத்தில் சுற்றும்படி வெட்டிய இசைத்தட்டுகளை வைத்து இதைச் செய்தார். 1963-ல் அமெரிக்கரான டெர்ரி ரைலி, இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓடவிட்டு, ஒன்று பதிந்ததை இன்னொன்று சற்றுத் தாமதித்து ஒலிக்கும்படி செய்தார். பிரையன் ஈனோவும் ராபர்ட் பிரிப்பும் இதே மாதிரி இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து 1973-ல் ஓர் ஆல்பமே வெளியிட்டார்கள். டேப் போய் மெமரி சிப் வந்த பிறகு பெட்டி சிறியதானது. 1994-ல் வந்த லெக்சிகன் ஜாம்மேன் வாங்கியபடியே 8 விநாடிதான் பதியும்! 2001-ல் வந்த பாஸ் ஆர்.சி.-20 ஐந்தரை நிமிடம் பதிந்தது. இப்போதைய பெடல்களில் சில மணிக்கணக்கில் பதிகின்றன.

இங்கிலாந்தில் 2004-ல் ஒரு டி.வி. இசை நிகழ்ச்சியில், வர வேண்டிய கலைஞர் வராமல் போக, கடைசி நேரத்தில் கே.டி. டன்ஸ்டால் என்ற பாடகியைக் கூப்பிட்டார்கள். ஒரு கிட்டார், ஒரு லூப் பெடல். கைதட்டலையும் குரலையும் ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒரு குழுவே நிற்பது போலப் பாடிவிட்டுப் போனார். 2015-ல் எட் ஷீரன் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று இரவு நிகழ்ச்சி நடத்தியதும் இதே முறையில்தான்.

இரண்டாவது மிதிதான் எல்லாம்

முதல் மிதியில் தவறு செய்வது கடினம். இரண்டாவது மிதியில்தான் எல்லோரும் விழுவார்கள். நானும் விழுந்தேன்.

ஆதி தாளம் எட்டு அட்சரம். அப்பா வாசிக்கிறார், நான் கையால் தாளம் போட்டு எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு... எட்டு என்று எண்ணியதும் மிதித்தேன். லூப் சுற்ற ஆரம்பித்தது. ஏதோ நொண்டுகிறது. அப்பா இரண்டு சுற்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "சதுஸ்ர ஜாதி திரிபுடையை திஸ்ர ஜாதி ஆக்கிட்டியேடா!" என்றார்.

அவர் சொன்னது சரி. எட்டாவது எண்ணிக்கை விழும் இடத்தில் மிதித்தால் எட்டாவது அட்சரம் பதிவாகவே இல்லை. ஏழோடு லூப் முடிந்துவிடுகிறது. எட்டு முடிந்து அடுத்த ஆவர்த்தனத்தின் சமம் விழும் இடத்தில் மிதிக்க வேண்டும். "ஒன்று" என்று தொடங்கும்போது முதல் மிதி. மறுபடி "ஒன்று" வரும்போது இரண்டாவது மிதி. இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற வேகத்தில் ஓர் அட்சரம் 0.75 விநாடி. எட்டு அட்சரம் 6 விநாடி. இரண்டாவது மிதியில் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி விநாடி தாமதித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் காதுக்குத் தெரியாது. பக்கத்தில் மெட்ரோனோமோ தாளப் பெட்டியோ ஓடினால் 20 சுற்றில் ஒரு விநாடி விலகிவிடும். அதாவது ஓர் அட்சரத்துக்கும் மேலே! தாளப் பெட்டி இல்லாமல் லூப்பை மட்டும் வைத்து வாசித்தால் விலகல் சேராது. ஆனால் ஒவ்வொரு சமத்திலும் ஒரு சின்னத் தள்ளாட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

பெடல் வாங்கும் முன் கம்ப்யூட்டரில்

நான் செய்த தவறு, நேராகப் பெடல் வாங்கியது. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே, செலவில்லாமல், இது உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்த்துவிடலாம்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாப்ட்வேர் 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். இது மிதித்தவுடன் சுற்றும் லூப்பர் அல்ல. ஆனால் லூப் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஜெனரேட் மெனு சென்று ரிதம் ட்ராக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தில் 80, ஒரு பாருக்கு 8 பீட், 4 பார் என்று கொடுத்தால் சரியாக 24 விநாடிக்கு டிக் டிக் என்று தாளம் தயார். ஷிப்ட்டுடன் ஆர் கீயை அழுத்தினால் புதிய ட்ராக்கில் பதிவு தொடங்கும். தாளத்தைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். பிறகு அந்த 24 விநாடியை மட்டும் மவுசால் இழுத்துத் தேர்வு செய்து, எல் கீயை அழுத்தி லூப்பை இயக்கி, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். சுற்ற ஆரம்பித்துவிடும். அதன் மேல் இன்னொன்று பதிய வேண்டுமானால் எபெக்ட் மெனுவில் உள்ள ரிபீட் மூலம் தேவையான தடவை அடுக்கிக்கொண்டு, புதிய ட்ராக்கில் பதியுங்கள்.

மிதித்தவுடன் சுற்ற வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸில் மோபியஸ், லினக்ஸிலும் மேக்கிலும் சூப்பர்லூப்பர் என்ற இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. இரண்டுமே புதியவர்களைக் கொஞ்சம் மிரட்டும். பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு தொல்லை வரும். நீங்கள் சரியாகத்தான் வாசித்திருப்பீர்கள். திரும்பப் போட்டால் தாளத்துக்குப் பின்னால் இழுக்கும். கை மேல் குற்றம் இல்லை. ஒலி மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கப்பட்டு, பிறகுதான் வெளியே வருகிறது. இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சி என்று பெயர். விநாடிக்கு 44,100 முறை அளவெடுக்கும் பதிவில், 512 அளவுகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் அதற்கே 11.6 மில்லி விநாடி. 128 என்று குறைத்தால் 2.9. ரொம்பக் குறைத்தால் கம்ப்யூட்டர் திணறி, ஒலி வெட்டி வெட்டி வரும். ஒலி காற்றில் 10 மில்லி விநாடியில் சுமார் மூன்றரை மீட்டர் போகிறது. மேடையில் பக்கவாத்தியக்காரர் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாலும் சமாளித்து வாசிக்கிறோம் அல்லவா? அந்த அளவுக்குள் இருந்தால் பயமில்லை. ஆடாசிட்டியின் பிரிபரன்ஸ் பகுதியில் லேட்டன்சியைச் சரிக்கட்ட ஓர் எண் உண்டு. முதலில் மைனஸ் 130 என்று இருக்கும். தாளத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அதையே மைக்கில் பதிந்து பாருங்கள். இரண்டு ட்ராக்கிலும் டிக் ஒரே நேர்கோட்டில் விழும் வரை அந்த எண்ணை மாற்றினால் போதும்.

புளூடூத் ஹெட்போனை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பாட்டுக் கேட்க அருமையானது. ஆனால் அதன் தாமதம் சாதாரணமாக 100 மில்லி விநாடியைத் தாண்டும். வயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே வாசிக்கலாமே என்று கேட்கலாம். ஸ்பீக்கரில் வரும் பழைய லூப் மறுபடி மைக்கில் நுழைந்து, ஒவ்வொரு அடுக்கிலும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். எங்கள் முதல் நல்ல லூப்பில் இரண்டாவது ஆவர்த்தனத்தில் குக்கர் விசில் பதிந்துவிட்டது. ஒவ்வொரு 24 விநாடிக்கும் ஒரு தடவை சாதம் வெந்துகொண்டிருந்தது!

அப்பாவின் ஆட்சேபம்

ஒரே ஓர் ஆவர்த்தனத்தை லூப் செய்து முதல் நாள் நான் வாசித்தபோது, அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து போய்விட்டார். ஏனப்பா என்று கேட்டேன். "இது தட்டுது. வாசிக்கல," என்றார்.

யோசித்தால் நியாயம்தான். ஆறு விநாடிக்கு ஒரு முறை அதே சொல், அதே அழுத்தம். பாட்டு மேலே போகும்போது கூடவே ஏறாது, இறங்கும்போது அடங்காது. அவரே ஒரு வழி சொன்னார். நாலு ஆவர்த்தனம் சேர்த்துப் பதி; மூன்று சாதாரண நடை, நாலாவதில் ஒரு சின்னத் தீர்மானம் வைத்து சமத்தில் விடுகிறேன் என்றார். அப்படியே செய்தோம். 24 விநாடிக்கு ஒரு முறைதான் திரும்புகிறது என்பதால் காதுக்கு அலுப்புத் தட்டவில்லை. தீர்மானம் வந்ததும் சுற்று முடிகிறது என்று எனக்கும் தெரிகிறது. லூப்பை நீளமாகவும் ஒரு முடிவோடும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது அவரிடம் கற்றதுதான்.

தம்புராவை லூப் செய்பவர்களுக்கு வேறு பிரச்சினை. கம்பியின் நாதம் நீண்டு ஒலிக்கும். லூப் முடியும் இடத்தில் அது பட்டென்று அறுந்து, டிக் என்று ஒரு சத்தம் வரும். பல பெடல்களில் பதிவு முடிந்ததும் நேராக ஓவர்டப்புக்குப் போகும்படி அமைக்கலாம். அப்படி அமைத்து, கடைசிக் கம்பியின் நாதம் அடங்கும் வரை கை எடுத்துக் காத்திருந்தால், அந்த மிச்ச நாதம் அடுத்த சுற்றின் ஆரம்பத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அறுந்த இடம் தெரியாது.

மைக் விஷயமும் ஒரு வரி. இந்தப் பெடல்கள் எலெக்ட்ரிக் கிட்டாருக்காகச் செய்யப்பட்டவை. மேடை மைக்கை நேராகச் சொருகினால் ஒலி மிகவும் மெலிதாக வரும். நடுவில் சின்ன மிக்ஸர் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மைக் இணைப்பு உள்ள லூப்பராகப் பார்த்து வாங்க வேண்டும்.

போனது போனதுதான்

ஒரு நாள் மாலை அப்பாவுக்குக் கைவலி இல்லை. அன்றைக்குப் பதிந்த நாலு ஆவர்த்தனம் மாதிரி அதற்கு முன் அமைந்ததில்லை. வலந்தலையில் சாப்பு விழுந்த விதம், தொப்பியின் கும்காரம், எல்லாம் பழைய அப்பா. அதைப் பெடலிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை அதன் மேல் குழல் வாசித்து ஓவர்டப் செய்தேன். பிடிக்கவில்லை. அந்த அடுக்கை மட்டும் நீக்க வேண்டும். என் பெடலில், லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனை இரண்டு விநாடி மிதித்துப் பிடித்தால் கடைசி அடுக்கு மட்டும் போகும். லூப் நின்றிருக்கும்போது அதே மாதிரி மிதித்துப் பிடித்தால் எல்லாமே அழிந்துவிடும். ஒரே பட்டன், ஒரே மிதி. நான் நிறுத்திவிட்டு மிதித்தேன்.

பெடலின் மேல் குறையில்லை. கையேட்டில் இருந்தது, நான் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அழித்த பைல் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும், எடுத்துக்கொள்ளலாம். பெடலில் அப்படி ஒன்றும் கிடையாது. அப்பாவிடம் சொன்னபோது, "விடு, சாயங்காலம் இன்னொரு தடவை வாசிச்சுடறேன்," என்றார். அன்று சாயங்காலம் விரல் வீங்கியிருந்தது. மறுபடி அவர் மிருதங்கத்தைத் தொட மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்திருக்க வேண்டியதைக் கற்றுக்கொண்டேன். யூ.எஸ்.பி. இணைப்பு உள்ள பெடல் என்றால் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் தெரியும். பைலைக் காப்பி செய்துகொள்ளலாம். என்னுடையது போன்ற எளிய பெடலில் அது இல்லை. அவுட்புட் துளையிலிருந்து வயர் போட்டு, ஒலிக்கும்போதே ஆடாசிட்டியில் பதிய வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது. அதில் சொருகினால் ஒலி உடைந்து வரும். யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள், அதுதான் வழி. சேமிக்கும்போது வேவ் பார்மட்டில் சேமியுங்கள். எம்.பி.3 வேண்டாம். எம்.பி.3 ஆக்கும்போது பைலின் தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். பாட்டுக் கேட்கையில் தெரியாது. லூப்பில் ஒவ்வொரு சுற்றும் இடறும். வேவ் பெரியதாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். ஒற்றைச் சேனலில் 24 விநாடி சுமார் 2 எம்.பி. தான். ஒரு நகலைப் பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

மூன்று வாரம் கழித்து அப்பா வாசித்தபோது வேகத்தைக் குறைக்கச் சொன்னார். 72-ல் வைத்தேன். நாலு ஆவர்த்தனம் 26.7 விநாடி. முதல் தடவை அமைந்தது போல இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

அதை ஓடவிட்டு நான் தினமும் வாசிக்கிறேன். அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார். முதல் வாரம் எனக்குப் பெரிய அவமானம். அனுபல்லவியில் ஒவ்வொரு தடவையும் நான் லூப்பை முந்திக்கொண்டு ஓடினேன். லூப்பில்தான் ஏதோ தப்பு என்று ஆடாசிட்டியில் போட்டு அளந்தேன். தப்பில்லை. "அந்த இடத்துல நீ எப்பவுமே ஓடுவ," என்றார் அப்பா. "நான் கூடவே வந்துடுவேன். இது வராது." இத்தனை வருடமும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறார், நான் கவனித்ததே இல்லை.

இப்போது ஹார்ட் டிஸ்கில் "அப்பா" என்று ஒரு போல்டர் இருக்கிறது. தாளம், வேகம், தேதி என்ற வரிசையில் பைல்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆதியில் மூன்று, ரூபகத்தில் இரண்டு. அடுத்தது மிஸ்ர சாபு. ஏழு எண்ணி எட்டாவதில், அதாவது அடுத்த ஒன்றில் மிதிக்க வேண்டும். கைவலி இல்லாத ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறோம்.